பஞ்சநதத்தின் தோப்பில் இருபத்தெட்டுப் பெட்டிகள்

பங்குனி பிறந்த மூன்றாம் நாள் காலையில் பஞ்சநதம் தன் தென்னந்தோப்பில் பிஞ்சிலேயே உதிர்ந்த குரும்பையை ஒரு முறம் நிறையப் பொறுக்கி வந்து செந்தாமரையின் காலடியில் கொட்டினார். அவள் அப்போது ஒரு தேனீப் பெட்டியைத் திறந்து, அடை கட்டிய சட்டம் ஒன்றைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் ஒட்டியிருந்த நூற்றுக்கணக்கான தேனீக்கள் குரும்பை கொட்டிய சத்தத்துக்கு ஒரு முறை சிலிர்த்துவிட்டு மறுபடி வேலையைப் பார்த்தன.

"பாத்துக்கம்மா. எல்லாம் உன் பூச்சிங்க பண்ற வேலை."

"குரும்பை உதிர்றதுக்குப் பூச்சி என்ன மாமா பண்ணும்?"

"பாளை வெடிச்ச அன்னிக்கே போயி உக்காந்து உறிஞ்சுது. பூவுல உள்ள சத்து பூரா உன் பாட்டிலுக்குப் போயிடுது. அப்புறம் மரத்துக்கு என்ன இருக்கும்? வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டியெல்லாம் எடுத்துடு."

அன்று செவ்வாய்க்கிழமை. செந்தாமரையிடம் இருந்தவை இருபத்தெட்டுப் பெட்டிகள். அத்தனையும் பேராவூரணிக்குத் தெற்கே மருதங்காட்டில், பஞ்சநதத்தின் மோட்டார் கொட்டகை நிழலில், இரும்புக் கால்களின் மேல் வரிசையாக நின்றன. எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கொட்டாங்குச்சி, அதில் பழைய டிராக்டர் ஆயில். வேறு இடம் அவளுக்குக் கிடையாது. ஏன் கிடையாது என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

செந்தாமரை பிறந்தது மன்னார்குடிப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டிய தூரம் நெல்லைத் தவிர வேறெதுவும் தெரியாத ஊரில். அவளுக்கு ஏழெட்டு வயதாக இருந்தபோது அந்த ஊருக்குத் தேனீ வளர்ப்புத் திட்டம் வந்தது. ஜீப்பில் நாலு பேர் வந்து முப்பது வீட்டுக்கு மானிய விலையில் முப்பது பெட்டி கொடுத்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஆளை நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அவளுடைய அப்பாவும் படத்தில் இருந்தார், சட்டை போட்டுக்கொண்டு.

தேனீ எதைத் தின்னும் என்று யாரும் கேட்கவில்லை. நெற்பூவில் தேன் கிடையாது. மகரந்தம் உண்டு, அதை வைத்துப் புழுவுக்குத் தீனி கொடுக்கலாம், குடும்பம் நடத்த முடியாது. சம்பா அறுத்த தாளடியில் உளுந்தும் பயறும் பூக்கிற ஒரு மாதம், கோடையில் எள் பூக்கிற சில வாரங்கள், அவ்வளவுதான் அந்த ஊர்த் தேனீக்குப் பண்டிகை. மற்ற நாளெல்லாம் அவளுடைய அப்பா ரேஷன் சர்க்கரையைக் கரைத்து வைத்தார். வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை இல்லாமல் கருப்பட்டி போட்டார்கள். வருஷக் கடைசியில் தேன் எடுத்தபோது, "நம்ம சர்க்கரையே நமக்குத் திரும்பி வந்திருக்கு" என்றாள் அம்மா. கணக்குப்படி அது சரியாகத்தான் இருந்தது.

பிறகு ஒரு நோய் வந்தது. தென்னாடு முழுக்க வந்த நோய்தான் அது. புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி ஊதி அறைக்குள்ளேயே செத்தன. ஒரே வருஷத்தில் முப்பது வீட்டுப் பெட்டியும் காலி. ஆனால் பெட்டிகள் நல்ல மரம், வீணாகவில்லை. ஒன்றில் கோழி அடைகாத்தது. ஒன்றை மிளகாய் கொட்டிவைக்க எடுத்துக்கொண்டார்கள். ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் போய் மாணவர் தலைவர் தேர்தலுக்கு ஓட்டுப் பெட்டியாகப் பல வருஷம் உழைத்தது. தேனீ வாசல் துவாரம் ஓட்டுச் சீட்டுப் போடச் சரியான அளவு. திட்டம் வெற்றியா தோல்வியா என்று கேட்க அந்த ஜீப் திரும்பி வரவேயில்லை.

செந்தாமரை கல்யாணமாகி மருதங்காட்டுக்கு வந்தபோது தேனீயைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. கஜா புயல் அடித்த பிறகுதான் அது வந்தது. அந்த ஒரு ராத்திரியில் அந்த வட்டாரத்துத் தென்னையில் பெரும் பகுதி சாய்ந்தது. தேங்காய் உரிக்கப் போய்க்கொண்டிருந்த அவளுக்கும் அவள் புருஷனுக்கும் உரிக்கத் தேங்காய் இல்லை. புருஷன் பொள்ளாச்சிக்கு லோடு ஏற்றப் போனான். போன இடத்தில் வேலை நிலைத்தது, மாதம் ஒரு தடவை வருகிறான். இவள், இலவசப் பயிற்சி, மதியச் சாப்பாடு உண்டு என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வேளாண்மைத் துறைக்காரர்கள் நடத்திய ஐந்து நாள் வகுப்புக்குப் போனாள். போன பன்னிரண்டு பெண்களில் ஒன்பது பேர் சாப்பாட்டுக்காக வந்தவர்கள். மூன்றாம் நாள் தேனீயைக் கையில் எடுக்கச் சொன்னபோது அந்த ஒன்பது பேரும் சாப்பாடு சரியில்லை என்று நின்றுவிட்டார்கள். செந்தாமரை எடுத்தாள். நம்ம ஊர்த் தேனீ கொட்டினால் எறும்பு கடித்ததைவிடக் கொஞ்சம் அதிகம், கோபக்கார மாமியார் பேசுவதைவிடக் கொஞ்சம் குறைவு என்பது அவள் கணிப்பு.

இரண்டு பெட்டி நாலாகி, நாலு பதினெட்டாகி, எல்லாம் அவள் வீட்டுக் கொல்லையில் இருந்தன. கொல்லைக்கு அந்தப் பக்கம் வயல். இரண்டு வருஷம் முன்பு ஒரு மாசி மாதக் காலை, உளுந்து பூத்து நிற்கும்போது, ஒன்பது மணிக்கு ஒரு டிரோன் வந்து மருந்தடித்தது. முன்பெல்லாம் கைத்தெளிப்பான் தோளில் மாட்டி ஒரு ஆள் வரப்பில் நடந்து வருவான். கூப்பிட்டு, "சாயங்காலம் அடியேண்ணே" என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் கேட்பான். டிரோனுக்கு மோர் கொடுக்க முடியாது. அதை ஓட்டியவன் எங்கோ ரோட்டோரம் குடையின் கீழ் உட்கார்ந்திருந்தான். பத்தே முக்கால் மணிக்குப் பதினோரு பெட்டியின் வாசலில் தேனீக்கள் குவியலாகக் கிடந்தன. செந்தாமரை துடைப்பத்தால் கூட்டி முறத்தில் அள்ளினாள்.

அதற்கு அடுத்த வாரம் மீதி ஏழு பெட்டியையும் தூக்கிக்கொண்டு அவள் போய் நின்ற இடம்தான் பஞ்சநதத்தின் தோப்பு. வயலுக்கு மூன்று மைலுக்கு மேல் தள்ளி இருந்தது. மணல் பூமி, வருஷம் முழுக்கப் பாளை. "வச்சுக்கம்மா, எடத்தையா தின்னப் போவுது" என்றார் அவர். ஏழு இருபத்தெட்டானது அங்கேதான்.

தேன் விற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னந்தேன் வெளிர் நிறம். அதைப் பார்க்கிற எவரும் முதலில் சொல்வது, "சர்க்கரைப் பாகா?" பிறகு சோதனை நடக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள், காகிதத்தில் தடவிக் கொளுத்துவார்கள், தெருநாய்க்கு வைப்பார்கள். நாய் நக்கினால் அசல் என்பார் ஒருத்தர், நக்காவிட்டால்தான் அசல் என்பார் இன்னொருத்தர். நாய்க்கு எப்படியும் ஒரு வாய் கிடைக்கும். கும்பகோணத்துக் கடைக்காரர் ஒருவர் மட்டும் சோதனை ஏதும் செய்யாமல் மொத்தமாக வாங்கிக்கொள்கிறார். அவர் ஒட்டுகிற லேபிளில் ஒரு மலையும் ஒரு அருவியும் இருக்கின்றன. தஞ்சாவூர் ஜில்லாவில் மலை ஏது என்று செந்தாமரை ஒரு தடவை கேட்டாள். "நீ வேணா தென்னமரம் போட்டு வித்துப் பாரும்மா" என்றார் அவர். போட்டு விற்றுப் பார்த்தாள். ஆறு பாட்டில் போயிற்று.

ஆக, செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். வெள்ளிக்குள் இடம் வேண்டும். கொல்லைக்குத் திரும்பினால் டிரோன். செந்தாமரை புதன்கிழமை பஸ் ஏறி, கடற்கரைப் பக்கம் ஏழு மைலில் தோப்பு வைத்திருக்கும் ரசியா பேகத்தைப் போய்ப் பார்த்தாள். பயிற்சி வகுப்பில் தேனீயைக் கையில் எடுத்த மூன்று பேரில் ரசியாவும் ஒருத்தி. ஆனால் பெட்டி வாங்கவில்லை.

"எனக்கு ஆட்சேபணை என்ன செந்தாமர, தாராளமா வையி" என்றாள் ரசியா. "ஆனா தோப்பு என் மகன் ஃபாஜில் பேர்ல இருக்கு. சார்ஜாவுல உக்காந்துக்கிட்டு, வாசல்ல ஒரு வாழைக்கன்னு வச்சாலே போட்டோ அனுப்புங்கிறான். பெருநாளுக்கு வர்றான். வந்ததும் அவன் முகத்தப் பாத்துப் பேசி வாங்கித் தர்றேன். போன்ல கேட்டா வேணாம்னுதான் சொல்லுவான்."

"பெருநாளுக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கேக்கா."

"பதினஞ்சு நாள் அந்த மனுஷன் பொறுக்க மாட்டாரா? ரெண்டு வருஷம் பொறுத்தவரு."

பஞ்சநதம் பொறுக்கவில்லை. பதினைந்து நாள் தவணை கேட்டு வியாழக்கிழமை அவள் செய்த போனுக்கு, "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று பொழுது சாய்ந்ததும் இரண்டு ஆளை வைத்து அவரே பெட்டிகளை நகர்த்திவிட்டார்.

அவர் முரட்டு மனிதர் இல்லை. இரண்டு வருஷமாகச் செந்தாமரை செய்வதைப் பார்த்திருந்தார். பூச்சியெல்லாம் உள்ளே அடங்கும்வரை காத்திருந்து, வாசலில் துணி அடைத்து, ஒரு அடைகூட உடையாமல், வைக்கோல் போரை இடம் மாற்றுகிற பக்குவத்தில் தூக்கிக்கொண்டு போய்த் தோப்புக்கு வெளியே ரோட்டோரத்து வேப்பமரத்தடியில் செங்கல் அடுக்கி வைத்தார். இருநூறு அடி தூரம். விடியற்காலையில் அவரே துணியை எடுத்துவிட்டார். இவ்வளவு மரியாதையாக யாரும் யாரையும் வெளியேற்றியிருக்க மாட்டார்கள்.

எட்டு மணிக்குச் செந்தாமரையின் போன் அடித்தது.

"ஏம்மா, உன் பூச்சிங்களுக்கு அறிவு கிறிவு இருக்கா இல்லியா?"

"என்ன மாமா?"

"அங்க வச்சா இங்க வந்து உக்காந்திருக்கு. மோட்டார் கொட்டாய் பூரா பூச்சி. ஸ்டார்ட்டர் பெட்டி கதவுல கொத்தாத் தொங்குது. நான் தண்ணி பாய்ச்ச வேணாமா?"

"எங்க வச்சீங்க? யாரக் கேட்டு வச்சீங்க?"

"ரோட்டோரம்தான். தோ இருக்கு எரநூறு அடி."

"ஐயையோ. மூணு அடி நகத்தலாம் மாமா, இல்லன்னா மூணு மைலுக்கு அந்தண்ட கொண்டு போவணும். நடுவுல எங்க வச்சாலும் மேயப் போனது பூரா பழைய எடத்துக்குத்தான் திரும்பி வரும். அதுங்களுக்குப் பெட்டி அடையாளம் இல்ல, எடம்தான் அடையாளம்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எடுத்துடுன்னீங்க. நகத்துறேன்னா சொன்னீங்க?"

அவள் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது பஞ்சநதத்தின் மனைவி சாவித்திரி களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா செந்தாமரை. கூட்டத்தப் பாத்தியா? உங்க மாமா சொசைட்டி தலைவருக்கு நின்னப்ப இதுல பாதி வந்திருந்தா ஜெயிச்சிருப்பாரு."

காலியான இரும்புக் கால்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி தேனீ. கொட்டகைச் சுவரில், ஓட்டு விளிம்பில், சுவிட்சுப் பெட்டியில் மிச்சம். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லாமல் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தவை அதைவிட அதிகம். பஞ்சநதம் தலையில் துண்டு கட்டி, காய்ந்த பன்னாடையைப் பந்தமாகச் சுருட்டி, ஒரு கையில் தீப்பெட்டியுடன் கொட்டகைக்கு நடந்துகொண்டிருந்தார்.

செந்தாமரை சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

"மாமா, அதக் கீழ போடுங்க."

"புகைதாம்மா போடப் போறேன்."

"பந்தம் புடிச்சா பொசுங்கிடும் எல்லாம். மேயப் போற பூச்சி பூரா இதான். இது செத்தா அங்க பெட்டிக்குள்ள இருக்கற புழுவுக்கு யாரு தீனி கொண்டாருவா? ஒரு வாரத்துல இருபத்தெட்டும் காலி. ஒரு தடவ முறத்துல அள்ளிட்டேன் மாமா. இன்னொரு தடவ என்னால அள்ள முடியாது."

அவர் பந்தத்தைக் கீழே போடவில்லை. ஆனால் தீக்குச்சியும் உரசவில்லை.

"சாயங்காலம் பெட்டியப் பழைய எடத்துல வச்சுட்டா இதுங்க தானா உள்ள போயிடும். பெருநாள் முடியற வரைக்கும் விடுங்க. நான் வேற எடம் பாத்துட்டேன்."

"குரும்பை?"

"கஜாவுக்கு அப்புறம் வச்ச கன்னு மாமா. இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. எளமரம் தன்னால தாங்க முடிஞ்சதத்தான் வச்சுக்கும், மிச்சத்த உதுத்துடும். பூச்சி உக்காந்தாத்தான் காயே புடிக்கும்னு வகுப்புல சொன்னாங்க."

"வகுப்புல சொல்லுவாங்க. முன்னூறு மரத்துல எரநூத்தி நாப்பது விழுந்தது எனக்குத்தான். ஏழு வருஷம் கன்னுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவன் நான். ஒரு குரும்பை விழுந்தாலும் எனக்கு அன்னிக்கு ராத்திரி கேட்ட சத்தம்தான் கேக்குது."

களத்திலிருந்து சாவித்திரி குரல் கொடுத்தாள்.

"குரும்பையும் இல்ல, ஒண்ணும் இல்ல. உண்மையச் சொல்லுங்களேன் அவகிட்ட."

"நீ சும்மா இரு."

"டீக்கடையில ஒரு அரைவக்கீலு சொல்லியிருக்கான் செந்தாமரை. பெட்டி மூணு வருஷம் ஒரே எடத்துல நின்னா உனக்குக் குத்தகை பாத்தியம் வந்துடுமாம். கோர்ட்டுக்குப் போனா கொட்டாயோட சேத்து எழுதிக் குடுத்துடுவானாம். நீ வந்த வருஷத்தையும் ஒண்ணா எண்ணினா, சித்திரை பொறந்ததும் மூணு வருஷம் முடியுது. அதான் உங்க மாமாவுக்கு ரெண்டு வாரமாத் தூக்கம் இல்ல."

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பஞ்சநதத்தின் அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் அரை வேலி நிலம் இருந்தது. அந்தக் காலத்தில் வாய்ப்பேச்சில் சாகுபடிக்கு விட்டார். சாகுபடி செய்தவர் குத்தகைதாரராகப் பதிந்துகொண்டார். நிலம் இன்றைக்கும் இவர்கள் பட்டாவில்தான் இருக்கிறது. போய்ப் பார்க்கலாம், வரப்பில் நிற்கலாம், மழை பெய்தால் குடை பிடித்துக்கொள்ளலாம். செந்தாமரையின் அப்பாவும் அதே பக்கத்தில் அதே மாதிரி ஒரு நிலத்தில் உழைத்துப் பதிவு கிடைக்காமல் போனவர்தான். அதை அவள் அப்போது சொல்லவில்லை.

"மாமா, நெலத்துல உழுவறேனா நான்? எனக்கு ஒரு சென்ட்டு வேணாம். எழுதித் தர்றேன்."

பஞ்சநதம் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பந்தத்தைக் கீழே போட்டார். உள்ளே போய் பீரோவைத் திறந்து இருபது ரூபாய் முத்திரைத்தாளோடு வந்தார். அது எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கிவைத்தது. களத்து நாற்காலியில் உட்கார்ந்து, பலகையை மடியில் வைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"மேற்படி தோப்பில், மேற்படி செந்தாமரை என்பவருக்கோ, அவருடைய வாரிசுகளுக்கோ, அவருடைய தேனீக்களுக்கோ, மேற்படி தேனீக்களின் வாரிசுகளுக்கோ, எவ்வித அனுபவ பாத்தியமும் கிடையாது..."

"ராணி ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல முட்டை வைக்கும் மாமா. பேர் போட்டு எழுதணும்னா தாள் பத்தாது."

"பொதுவா எழுதினாப் போதும்."

"இன்னும் ஒண்ணு சேத்துக்கங்க. தோப்புல மருந்தடிக்கிறதா இருந்தா மொத நாளே எனக்குச் சொல்லணும். சாயங்காலம்தான் அடிக்கணும்."

"அதெல்லாம் பாத்தியப் பத்திரத்துல வராதும்மா."

"வந்தாத்தான் கையெழுத்து."

சாவித்திரி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பஞ்சநதம் அதையும் எழுதினார். செந்தாமரை கையெழுத்துப் போட்டாள். சாவித்திரி சாட்சி. இரண்டாவது சாட்சி, தேங்காய் பறிக்க வந்து, பூச்சியைப் பார்த்து மரம் ஏற மறுத்துக் காலையிலிருந்து சும்மா நின்றுகொண்டிருந்த ஆள். அன்று அவர் செய்த ஒரே வேலை அதுதான். கூலி முழுசாக வாங்கிக்கொண்டார்.

மோட்டார் அன்று பகல் முழுக்க ஓடவில்லை. பொழுது சாயும்போது செந்தாமரையும் பஞ்சநதமும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பெட்டிகளைத் தூக்கி வந்தார்கள். பெயின்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து, அதது இருந்த காலில் அததை வைத்தாள். சுவரில் அப்பியிருந்தவை முதலில் ஒன்றிரண்டாக வந்து வாசலைத் தொட்டுப் பார்த்தன. பிறகு ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகுகிற மாதிரி இறங்கி உள்ளே போயின. கீழே செத்துக் கிடந்தவை ஒரு படி இருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லாமல் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

பெருநாள் வந்தது. ஃபாஜில் வந்தான். அம்மா கேட்டதும் முதலில் வேண்டாம் என்றான், பிறகு பெட்டி எந்தக் கம்பெனி என்று கேட்டான், பிறகு சரி என்றான். ரசியா பேகம் போன் செய்து, "எல்லாத்தையும் கொண்டாந்துடு செந்தாமர" என்றாள்.

செந்தாமரை ஒரு நாள் யோசித்தாள். இனி இருபத்தெட்டையும் ஒரே மனுஷர் தூக்கத்தை நம்பி வைப்பதில்லை என்று தீர்மானித்தாள். பதினாறு இங்கே இருக்கட்டும், பன்னிரண்டு அங்கே போகட்டும். ஏழு மைல், திரும்பி வராது. வெள்ளிக்கிழமை பொழுது சாய, ஒரு குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு தோப்புக்குப் போனாள்.

பஞ்சநதத்துக்குச் செய்தி முன்னமே போயிருந்தது. குரும்பை இன்னமும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அவர் தென்னோலையில் அப்பும் வெள்ளை ஈயைத் திட்டிக்கொண்டிருந்தார். வண்டி வந்து நின்றதும் கொட்டகை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான் எழுதி வாங்கிக்கிட்டேன்ல. அப்புறம் ஏன் கொண்டு போறே? என் தோப்புல பூவுக்கு என்ன கொறச்சல்?"

"ஒண்ணும் கொறச்சல் இல்ல மாமா. அங்கயும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னுதான்."

"கடக்கரை உப்புக் காத்துல என்ன பூ பூக்கும்? நம்ம மரத்துப் பாளைய அங்க பாக்க முடியுமா?"

அவள் வாசல்களில் துணி அடைக்க ஆரம்பித்தாள். அவர் வரிசையின் நடுவில் இருந்த ஒன்பதாம் எண் பெட்டிக்கு முன்னால் போய், அவளுக்கும் பெட்டிக்கும் இடையில் நின்றுகொண்டார். இருபத்தெட்டிலும் நல்ல பலமான பெட்டி அது.

"இத மட்டும் விட்டுட்டுப் போ. வேற ஏதாவது சோம்பேறிப் பெட்டியா பாத்து அவங்களுக்குக் குடு."